படத்தில் தெரிந்த வெண்மை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? இங்கே ஹாஸ்டல் பெண்கள் நலம், அவர்களை அதட்டும் வார்டனாகிய நானும் நலம்.

குளிக்கும்போது வலது மார்பில் கடினமாக ஏதோ தட்டுப்பட்டதால், புதன்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் மேமோகிராம் எடுத்தேன். படம் முழுக்க உப்புத் தூவியதுபோல் புள்ளிகள். படம் எடுத்த மோகனப்பிரியா, "ஏனுங்கம்மா, பவுடர் போட்டுட்டா வந்தீங்க?" என்றாள்.

"வெளிய கெளம்பினா பவுடர் போடாம வருவாங்களா அம்மணி?"

"படத்துக்குப் போடக்கூடாதுங்க. ஸ்டுடியோன்னு நெனச்சுட்டீங்களாட்ட இருக்குது."

துடைத்துவிட்டு மறுபடி எடுத்ததும் புள்ளிகள் மறைந்தன. பனிமூட்டம் போன்ற வெண்மை மட்டும் மறையவில்லை. அது இணைப்புத் திசு என்றார் டாக்டர். பெண் வளரும் வயதில் பால்குழாய்கள் கிளைவிட வழிகாட்டுவது அதுதானாம். கான்வென்ட் விடுதியில் யாரும் எனக்கு எதுவும் சொல்லித்தராத அந்த வயதில், எனக்குள் ஒன்று ஓசையில்லாமல் வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நெடுநேரம் அந்தப் பனிக்குள் நடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெண்மைக்குள் ஓரிடம் மட்டும் இறுகியிருக்கிறதாம். கட்டியும் வெள்ளையாகவே தெரிவதால் படத்தை வைத்துச் சொல்ல முடியாதாம். திங்கட்கிழமை ஊசியால் துளி திசு எடுத்து, புற்றுநோயா என்று பார்ப்பார்கள். கவலை வேண்டாம்.

உங்கள் பீரோவில் என் தளர்வான பருத்தி ரவிக்கைகள் இரண்டு இருக்கின்றன. கூரியரில் போட வேண்டாம், கசக்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்களே கொண்டுவந்தால், மறுநாள் கொக்கி மாட்டிவிடவும் ஆள் இருக்கும்.

மெஸ் மணி அடிக்கிறது.

ரங்கநாயகி