காலி வீடென்று எங்கள் வீட்டைப் புதுப்பித்தது குறித்து

அனுப்புநர்
கெட்டூரா மேப்பிள்ஸ், வயது 13
(ஷாண்டா மேப்பிள்ஸின் மகள்),
1416, கார்வில் தெரு,
மெம்பிஸ், டென்னசி.

பெறுநர்
கட்டட ஆய்வு அலுவலர் அவர்கள்,
மெம்பிஸ்.

பொருள்: எங்களுக்கும் தெரியாமல், தங்கள் அனுமதியும் பெறாமல் எங்கள் வாடகை வீடு புதுப்பிக்கப்பட்டது – ஆகஸ்ட் 31-க்குள் நேரில் ஆய்வு செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

1. நானும் என் தாயாரும் ஐந்து ஆண்டுகளாக மேற்கண்ட வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். உரிமையாளர் டாக்டர் கிரெக் ஹால்வர்சன் கலிபோர்னியாவில் பல் மருத்துவர். எங்கள் ஊரில் வீடு மலிவு, வாடகை தவறாமல் வரும் என்று யாரோ சொல்ல, இதுபோல நான்கு வீடுகளை இணையத்திலேயே வாங்கியிருக்கிறார். ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. ஒப்பந்தப்படி புல் வெட்டுவது அவர் பொறுப்பு. புல் இன்று காலை பத்தொன்பது அங்குலம் இருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.

2. பக்கத்து 1418-ஆம் எண் வீடும் எங்கள் வீடும் ஒரே அச்சு. அது ஓராண்டாகக் காலி. ஆளில்லை என்று தெரிந்தால் செம்புக் குழாய்களைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் காலி வீட்டை ஆள் இருக்கும் வீடுபோல் வைத்திருப்பது எங்கள் தெரு வழக்கம். எதிர்வீட்டு மிஸ்டர் ஓதா பிக்கர்ஸ், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், வாரம் தவறாமல் அங்கே புல் வெட்டுகிறார். ஓடாத தம் பழைய காரையும் அங்கேதான் நிறுத்தியிருக்கிறார். மனுவில் எதையும் மறைக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன்: ஜன்னல் திரைகளும் வாசல் பூத்தொட்டியும் நான் வைத்தவை.

3. ஜூன் மாதம் அந்த 1418-ஐ நாஷ்வில்காரர் ஒருவர் வாங்கினார். பழைய வீட்டை வாங்கி, சில வாரங்களில் புதுப்பித்து, கைமாற்றி விடுவது அவர் தொழில். அவரும் வீட்டைப் பார்க்கவில்லை. தரகு பேசிய இளைஞர் காரைவிட்டு இறங்காமலே ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பினார். இரண்டு வீட்டிலும் எண் பலகை கிடையாது. (எங்களுடையது விழுந்துவிட்டதை ஏப்ரலில் டாக்டருக்கு எழுதினோம்.) எது காலி வீடு என்பதை அந்த இளைஞர் புல்லைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார். வேலையாட்கள் கையில் கிடைத்தது எங்கள் வீட்டுப் படம்.

4. ஜூலை 11 முதல் 20 வரை நாங்கள் மிசிசிப்பியில் எங்கள் குடும்ப ஒன்றுகூடலில் இருந்தோம். திரும்பி வந்தபோது வீடு முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது. சாவி பொருந்தவில்லை. “அடியே கெட்டூரா, இது நம்ம வீடுதானா?” என்று என் தாயார் கேட்டார். கதவைத் திறந்தவர் மேஸ்திரி டெல்மர். ஒன்றுகூடலுக்காக எல்லோருக்கும் தைத்த ஒரே மாதிரி மஞ்சள் சட்டையில் நாங்கள் நின்றதைப் பார்த்து, “சர்ச்சுலேர்ந்து உதவிக்கு வந்திருக்கீங்களா மேடம்? பின்சுவர் மட்டும்தான் பாக்கி” என்றார்.

“நான் இங்க குடியிருக்கேன்” என்றார் என் தாயார்.

டெல்மர் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். “வாடகை கட்ட முடியாம சாமானை அப்படியே போட்டுட்டுப் போறவங்க நிறைய, மேடம். இவ்வளவு சுத்தமா பாத்திரம் கழுவி வச்சிட்டுப் போனவங்கள நான் பார்த்ததே இல்ல. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்.” பிறகு, “அப்ப அந்த ஃப்ரிட்ஜுல இருந்த, பீச் பழம் வச்சுச் சுட்ட பை...” என்றார்.

“என்னுது.”

“ரொம்ப நல்லா இருந்துது மேடம்.”

டெல்மர் மீது எங்களுக்குப் புகார் இல்லை. எங்கள் பொருள்களை அவர் குப்பையில் கொட்டவில்லை. நூலகப் புத்தகங்கள் ஏழும் உட்பட எல்லாம் பின்கொட்டகையில் பத்திரமாக இருந்தன.

5. மிஸ்டர் ஓதா ஏன் தடுக்கவில்லை என்று தாங்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். “டாக்டருக்கு இப்பதான் நல்ல புத்தி வந்துச்சுன்னு நினைச்சேம்மா. அவங்களுக்கு லெமனேட் வேற கொண்டுபோய்க் குடுத்தேன். இந்தத் தெருவுல சமையல்கட்டைப் பேத்துக்கிட்டுப் போனவன பார்த்திருக்கேன். வச்சிட்டுப் போனவன இப்பதான் பார்க்கிறேன்” என்றார்.

6. புதிய சமையலறை நன்றாகவே இருக்கிறது. இழுப்பறைகள் தாமாகவே மெல்ல மூடிக்கொள்கின்றன. எங்கள் குறை, ஆகஸ்ட் 1 அன்று டாக்டரிடமிருந்து வந்த கடிதம். “என் சொந்தச் செலவில் செய்துள்ள மேம்பாடுகளை முன்னிட்டு” செப்டம்பர் முதல் வாடகை தொள்ளாயிரம் டாலரிலிருந்து ஆயிரத்து நானூறாகிறது, இயலாவிட்டால் 31-ஆம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்கிறது அது. எங்கள் ஒப்பந்தம் அடுத்த மார்ச் வரை உள்ளது. இடையில் வாடகையை உயர்த்த, அதன் ஒன்பதாம் பிரிவு ஒரே ஒரு வழிதான் விட்டிருக்கிறது: உரிமையாளர் தம் செலவில் வீட்டை மேம்படுத்தியிருக்க வேண்டும்.

என் தாயார் தொலைபேசியில் அழைத்தார். “நீ அனுப்பின ஃபோட்டோ பார்த்தேன் ஷாண்டா. நான் மனசுல நினைச்ச மாதிரியே வந்திருக்கு” என்றார் டாக்டர். எப்போது நினைத்தார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். என் தாயார் இரவு முழுவதும் பார்சல் பிரிக்கும் கிடங்கில் நின்று வேலை செய்கிறார். இன்னும் ஐந்நூறு டாலருக்கு அவரிடம் இரவுகள் மீதமில்லை. எனவே இன்னும் இருபத்தைந்து நாளில் எங்களுக்கு வீடு இருக்காது.

7. தங்கள் கட்டட விதிகளை நூலகத்தில் படித்தேன். (இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் அத்தியாயம் சுவையாக இருந்தது.) சுவரை இடிக்கவும் மின்கம்பி மாற்றவும் அனுமதி வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்திருக்கின்றன. எங்கள் ஜன்னலில் ஒட்டியுள்ள அனுமதிச் சீட்டு 1418-க்கு உரியது. 1416-க்கு யாரும் அனுமதி கேட்கவே இல்லை.

8. ஆகவே தாங்கள் 31-ஆம் தேதிக்குள் வீட்டைப் பார்வையிட்டு, டாக்டர் ஹால்வர்சனிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்து மூலம் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்: இந்த வேலையைச் செய்தது யார்? தாமே செய்ததாகச் சொன்னால், அவர் அனுமதியின்றிக் கட்டட வேலை செய்திருக்கிறார். அதற்குரிய அபராதத்தை அவர் தங்களிடம் பேசிக்கொள்ளலாம்; விதியை மீறிய வேலையை மேம்பாடென்று சொல்லி எங்களிடம் வாடகை கேட்க முடியாது. தாம் செய்யவில்லை என்று சொன்னால், ஒன்பதாம் பிரிவு எங்களைத் தொடாது. இரண்டில் எந்தப் பதிலும் எங்களுக்குச் சம்மதமே.

9. இந்த மனுவை என் தாயாரின் ஒப்புதலுடன் எழுதுகிறேன். “எழுது, ஆனா மரியாதையா எழுது. ‘பல்லு புடுங்கி’ன்னு எங்கயும் எழுதிடாத” என்று அவர் சொன்னார். அப்படி எங்கும் எழுதவில்லை.

மார்ச் வரை எங்கள் வீட்டில் எங்களை இருக்க விடுமாறு கேட்டு, தங்கள் வருகையை எதிர்நோக்கும்,

கெட்டூரா மேப்பிள்ஸ்
ஷாண்டா மேப்பிள்ஸ் (தாயார்)

இடம்: மெம்பிஸ்
நாள்: ஆகஸ்ட் 6

இணைப்பு: வாடகை ஒப்பந்தம், டாக்டரின் கடிதம், அனுமதிச் சீட்டின் படம், எண் பலகை விழுந்தது குறித்த ஏப்ரல் கடிதத்தின் நகல்.

ஆய்வுக்கு வருபவர் கவனத்திற்கு: எண் பலகை இன்னும் மாட்டப்படவில்லை. தயவுசெய்து புகைப்படத்தை நம்பி வர வேண்டாம். புல் ஒட்ட வெட்டி, திரை போட்டு, பூத்தொட்டியும் காருமாக இருக்கும் வீட்டில் யாரும் இல்லை. முழங்கால் உயரப் புல்லுக்குள் ஆளில்லாததுபோல் நிற்கும் வீட்டின் கதவைத் தட்டவும். என் தாயார் பகலில் தூங்குபவர். சற்றுப் பலமாகத் தட்டவும், நாங்கள் உள்ளேதான் இருக்கிறோம்.