ஷ்லெப் என்றால் இழு

12.10.1993
வாயைப் பொத்தியிருந்தும் மாட்டுப்பட்டேன். ஸ்பதைனா தெருத் துணிக்கடையில் இரண்டு சுருள் துணியை ஒன்றாகத் தோளில் ஏற்றினேன். முதலாளி பேர்ல்மன் தன் தங்கையிடம், யூதர்களான அவர்களுடைய யிடிஷ் மொழியில், "இந்த மடையன் இரண்டை ஷ்லெப்புகிறான், முதுகு முறியப்போகிறது" என்றார். உடனே ஒன்றை இறக்கிவைத்தேன். இருவரும் என்னையே பார்த்தார்கள்.

ஷ்லெப். இழு. ஜேர்மன் சொல். நாலு வருடம் ஜேர்மனியில், ஸ்ருட்காட்டில் கோப்பை கழுவியவனுக்கு விளங்காதா? ஆனால் இங்கே கொடுத்த அகதி விண்ணப்பத்தில், கொழும்பிலிருந்து நேரே வந்ததாக அல்லவா எழுதியிருக்கிறேன்.

13.10
எப்படி விளங்கியது என்று முதலாளி கேட்டார். இங்கே கேட்டுக் கேட்டுப் பழகினேன் என்றேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய பேரப்பிள்ளைகளே பேசாத மொழியாம்.

20.10
வினை. என் அகதி விசாரணைக்கு முதலாளி நற்சாட்சிக் கடிதம் எழுதிக் கொண்டுவந்தார்: எட்டு மாதத்தில் யிடிஷ் கற்ற கெட்டிக்காரன். உதாரணத்துக்கு அந்தச் சொல்லும் உள்ளே. தானே வந்து சாட்சி சொல்வாராம். அங்கே ஜேர்மன் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், என் பொய் வெளிப்பட்டுவிடும்.

அறையில் கூட இருக்கும் அன்புராசா அண்ணை சொன்னார்: "ஜேர்மனி எண்டு வாய் திறந்தியோ, துலைஞ்சாய். அங்கை இருந்தவனுக்கு இங்கை ஏன் அகதி எண்டு கேப்பினம். கேஸ் போனா உன்ரை மனிசி நிலாணியும் பிள்ளையும் யாழ்ப்பாணத்திலைதான்."

21.10
கடிதத்தை விசாரணையில் கொடுத்தாலும் ஆபத்து. கொடுக்காவிட்டால் அந்த மனிதரிடம் என்ன சொல்ல?

2.11
பேர்ல்மனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கடையின் நிலவறையில். ஜேர்மன் பொலிஸ் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: உன் ஷ்லெப்பர் யார்? எல்லை தாண்டி இழுத்துவந்த ஏஜென்ட் யார் என்று. அந்தச் சொல்லை எப்படி மறப்பேன்?

"எங்கள் மொழியில் ஷ்லெப்பர் என்றால் ஒன்றுக்கும் உதவாத கந்தல்காரன்" என்றார் பேர்ல்மன். சிரிக்கவில்லை. "சொல் ஜேர்மன்காரரிடமிருந்து வந்ததுதான். அவர்கள் எங்களை வதைமுகாமுக்கு இழுத்துப்போனபோது எனக்குப் பதினாறு வயது." கடிதத்தைக் கிழித்தார். "பொய்க்கு வரமாட்டேன். உண்மையைச் சொல், வருகிறேன்."

வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிது.

9.12
வக்கீல் படிவத்தைத் திருத்தினார். ஜேர்மனி, நாலு வருடம். கையெழுத்து வைத்தேன். நிலாணி, என்னை மன்னியும். அண்ணை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

16.7.1995
விமான நிலையம். பேர்ல்மன் வந்து சாட்சி சொல்லி, கேஸ் வென்று, ஆறு வருடத்துக்குப் பிறகு நிலாணி. பெட்டி இரண்டையும் தானே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஷ்லெப்பாதையும், நான் தூக்கிறன்" என்றேன். கடைப் பழக்கம்.

மகள் அட்சயாவுக்கு எட்டு வயது. தாயின் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தாள். "அப்பா, உது என்ன பாசை?"

பக்கத்தில் சீருடை போட்ட அதிகாரி ஒருவர் நின்றார்.

"ஜேர்மன்" என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை.