பெட்டியில் மூன்று எக்ஸ்ரே படம்

மயிலாப்பூர்
10-6-1948

சிரஞ்சீவி தங்கவேலுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம், ரத்னாவின் சுகத்துக்கு டிரங்குப் பெட்டியில் மூன்று எக்ஸ்ரே படம் சாட்சியாகவே இருக்கிறது. பம்பாயில் உன் சுகத்தை எழுது. வழக்கம்போல் நான் சொல்கிறேன், உன் தங்கை ரத்னாதான் எழுதுகிறாள்.

இருமலுக்காக அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினோமே, அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. முதலில் பெண் பார்த்த மாம்பலத்துக்காரர்கள், க்ஷயம் இல்லை என்று படம் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினோம், நெஞ்சு சுத்தம், மூக்குதான் சரியில்லை என்று போய்விட்டார்கள். அடுத்து வந்த திருவல்லிக்கேணிக்காரர்கள், இது பழைய படம், யார் நெஞ்சோ என்றார்கள், இன்னொன்று எடுத்தோம், அதற்குள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டார் தங்கள் டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அதுவும் ஆயிற்று. உங்கள் பிள்ளைக்கும் ஒன்று எடுங்களேன் என்று உன் அப்பா சொன்னார், மறுநாளே ஜாதகம் திரும்பி வந்தது.

போன வெள்ளிக்கிழமை அடையாற்றிலிருந்து முருகையன் என்பவர் மகனோடு வந்தார். பையன் அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கிறான். காப்பி ஆறியது கூடத் தெரியாமல் ரத்னாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்றேன். அவர்கள் கேட்கும் முன்பே மூன்று படத்தையும் நான் எடுத்து வைத்தேன். முருகையன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னாம்மா, ஒரு பொண்ணுக்கு மூணு தபாவா, ஜப்பான்ல போட்ட குண்டுலயும் இந்த மாதிரி கதிருதான்னு பேப்பர்ல போட்டுக்கீதே, நாளைக்குக் கொழந்த பொறக்குமா என்றார். கொஞ்சம்தான் பட்டது என்றார் அப்பா. கொஞ்சம்னா எவ்ளோ என்றார் அவர். பிறகு, அண்ணன்காரன் இன்னா பண்றான் என்றார். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் தினமும் நிற்கிறான் என்றேன். முகமெல்லாம் மலர்ந்து, கவருமெண்டு உத்தியோகமா என்றார். ஆனி முடிவதற்குள் பதில் சொல்வார்களாம்.

உங்கள் பெரிய டாக்டர் கொஞ்சம் பட்டால் ஒன்றும் செய்யாது என்கிறார், சின்ன டாக்டர் கொஞ்சமும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் என்கிறார் என்று எழுதியிருந்தாயே, இரண்டு பேரிடமும் கையெழுத்தோடு சீட்டு வாங்கி அனுப்பு. பெரியவர் சீட்டை முருகையனுக்குக் காட்டுகிறேன். முருகையன் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றால், அடுத்து வருகிறவர்கள் நாலாவது படம் கேட்கும்போது சின்னவர் சீட்டைக் காட்டுகிறேன். நீயும் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் ரொம்ப நிற்காதே, வேலையையும் விட்டுவிடாதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. கபாலீஸ்வரர் உன்னைக் காப்பாற்றட்டும். சீட்டு இரண்டு, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா தேவானை

அண்ணா, அம்மா தபால் தலை வாங்கப் போயிருக்கிறாள். இரண்டு சீட்டையும் அனுப்பு. எது நிஜம் என்று மட்டும் எனக்கு எழுது. எனக்காக மட்டும் கேட்கவில்லை, நீயும்தானே அங்கே நிற்கிறாய். பயப்படாமல் எழுது, இந்த வீட்டில் கடிதத்தைப் படித்துக் காட்டுகிறவள் நான்தான்.
ரத்னா