நடுக்கோட்டில் விழுந்த துண்டு

நவம்பர் 3, திங்கள்

ஹரிதா உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தாள். பிராக்டீஸில் எதிர்வீட்டுத் தரணியின் முட்டி இடித்ததாம். ரத்தத்தை வாசலில் துப்பிவிட்டு உட்கார்ந்து களி தின்றாள். வலிக்கவில்லையா என்று கேட்டேன். "களிய முழுங்கறதுக்கு உதடு எதுக்கு நைனா?" என்கிறாள். அவள் அம்மா சிவசங்கரி என்னைத்தான் முறைத்தாள். பெண்பிள்ளையைக் கபடிக்கு அனுப்பிய புண்ணியவான் நான்.

ஞாயிற்றுக்கிழமை சின்னப் பள்ளிகள் போட்டி தொடங்குகிறது. இருநூறு பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகள் மட்டும்தான் ஆடலாம். வயது பதினாறைத் தாண்டக் கூடாது. பெரிய பள்ளிக்காரர்களோடு மோதவிட்டால் நம்ம பிள்ளைகளைப் பொறுக்கித்தான் எடுத்துவர வேண்டும் என்று வைத்த ரூல். ஹரிதாவுக்கு ஜனவரியில் பதினாறு முடிகிறது. இதுதான் கடைசி வாய்ப்பு. ஃபைனல் திருப்பதியில். ஃபைனல் ஆடுகிற பிள்ளைகளிலிருந்துதான் அங்கே ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு எடுக்கிறார்கள். படிப்பு, சாப்பாடு, கோச், எல்லாம் அவர்கள் பொறுப்பு.

கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? ரெண்டு வருஷத்தில் நான் ஓட்டுகிற ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ்ஸிலேயே ஃபேக்டரி யூனிபாரம் போட்டு ஏறுவாள். என் பஸ் ஒன்றும் மோசமில்லை. ஆனாலும்.

நவம்பர் 9, ஞாயிறு

ஜெயித்தோம். புத்தூரில் ஆட்டம். ஹரிதாவின் முழங்கை பட்டு எதிர்ப்பள்ளிப் பெண்ணின் மூக்கு உடைந்தது. தக்காளியை மிதித்த மாதிரி இருந்தது. நான் விசில் அடித்தேன். அப்புறம் பார்த்தால் பக்கத்தில் நிற்கிறவர் அந்தப் பெண்ணின் அப்பா. விசில் பாதியில் நின்றது.

"ஆட்டத்துல சகஜங்க" என்றேன்.

"ஆமாங்க" என்றார். போய் மகள் முகத்தைத் தன் துண்டால் பொத்தி அழைத்துப் போனார். சண்டைக்கு வரவில்லை. பெரிய மனுஷன். நானாக இருந்தால்?

நவம்பர் 13, வியாழன்

செமி ஃபைனல் பங்காருபாளையம் பக்கத்துப் பள்ளியோடு. அவர்களுடைய எட்டாம் நம்பரைப் பார்த்துவிட்டு வந்த பி.டி. வாத்தியார் கோபிகிருஷ்ணன் சார், "அது பொண்ணு இல்ல தாமோதரா, ஜே.சி.பி." என்றார். ஹரிதா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

எழுதுகிற கை பிழைத்தது. உடைந்தது இடது கை. கியர் போடுகிற கை.

நடந்தது நடந்தபடி. கார்வேட்டிநகரத்தில் ஆட்டம். நாங்கள் ரெண்டு பாயிண்ட் முன்னால் இருந்தோம். தரணி ரெய்டு போனாள். எட்டாம் நம்பர் அவள் இடுப்பை வளைத்து, நெல் மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கி மண்ணில் அறைந்தாள். தோள் முதலில் விழுந்தது. பச்சை மூங்கிலை முட்டியில் வைத்து ஒடிக்கிற சத்தம். அந்தக் கோடியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். கழுத்தெலும்பு. தோலுக்கு அடியில் அதன் முனை தூக்கிக்கொண்டு நின்றது. தரணி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அம்பயர் விசில் ஊதவில்லை. பிடி சரியாம்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து நடுக்கோட்டில் வீசினேன். எங்கள் பக்கம் காணும் பொங்கல் ஆட்டத்தில் அதுதான் வழக்கம். துண்டு விழுந்தால் ஆட்டம் நிற்கும். ரெண்டு ஊர்ப் பெரியவர்களும் கோட்டுக்குள் போய்ப் பேசுவார்கள். பேசி முடித்துத் துண்டை எடுத்தால் மறுபடி ஆட்டம். நானும் போனேன், பெரிய மனுஷன் மாதிரி. "இதுக்கா பதினாறு? கட்டிக் குடுத்திருந்தா ரெண்டு புள்ள இருக்கும். பல்லப் புடிச்சிப் பாருங்கடா" என்று கத்திக்கொண்டே போனேன்.

எட்டாம் நம்பர் அப்படியே நின்றாள்.

அவர்கள் கோச் புருஷோத்தமன் என் மார்பில் கை வைத்துத் தள்ளினார். "ஏமய்யா, கோட்டுக்குள்ள நீ யாரு?"

அடித்தேன். தாடையில். அவர் வாயிலிருந்து ஒரு பல் மண்ணில் விழுந்தது. பல்லைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவன் நான்தானே, பார்த்துக்கொண்டேன். என் விரலெலும்பு நொறுங்கியது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் அவர்கள் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். செருப்பு, கொடிக்கம்பு, பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு நாற்காலி என் முதுகில் உடைந்தது. நான் உடையவில்லை என்று பெருமைப்படுவதற்குள் அடுத்த நாற்காலி வந்தது. ஒருவன் காதில் மிதித்தான். மண்ணைத் தின்றேன். நம்ம ஊர்க்காரர்களும் கம்போடு உள்ளே வந்தார்கள். யார் யாரை அடிக்கிறார்கள் என்று அடிக்கிறவர்களுக்கே தெரியாது. ஒருவர் மண்டையிலிருந்து ரத்தம் கண்ணை மூடி ஓட, அவர் கம்பைச் சுற்றிக்கொண்டே தன் தம்பியையே அடித்தார்.

கீழே கிடந்தபடி கால்களுக்கு நடுவில் பிள்ளைகளைப் பார்த்தேன். ரெண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். ஹரிதாவின் கை எட்டாம் நம்பரின் ஜெர்சியைப் பிடித்திருந்தது.

அடங்கிய பிறகு அம்பயர் மைக்கில் சொன்னார். வெளியாள் கோட்டுக்குள் இறங்கினால், இறங்கியவர் எந்தப் பள்ளிக்காரரோ அந்தப் பள்ளி தோற்றது. ரூல்.

வெளியாள். அது நான்.

நவம்பர் 17, திங்கள்

ஹரிதா பேசவில்லை. சிவசங்கரி பேசுகிறாள். எது மோசம் என்று சொல்ல முடியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கட்டு போட புத்தூர் போனேன். முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, மூங்கில் பட்டை, துணி. விரலை இழுத்து நேராக்கும்போது நான் போட்ட கூச்சலில் வரிசையில் இருந்த ஒரு குழந்தை சிரித்தது.

கட்டு காய பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் எட்டாம் நம்பர்.

கலாட்டாவில் யாரோ மிதித்துச் சுண்டுவிரல் பிசகியிருந்தது. கூப்பிட்டதும் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "வேணாம்மா, வேணாம்மா" என்று அழுதாள். அவ்வளவு பெரிய உடம்பு. குரல் குழந்தைக் குரல். நான் துண்டை இழுத்து முகத்தில் விட்டுக்கொண்டேன். அந்த அம்மாளுக்கு என்னைத் தெரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"எத்தினாவது படிக்குதும்மா?"

"எட்டாவதுங்க. போன மாசந்தான் பதினாலு முடிஞ்சிது. யாரும் நம்பறதில்ல. அவங்க அப்பா மாங்கா மண்டில மூட்ட தூக்கறவரு. அந்த ஒடம்பு வந்துடுச்சி. போற எடத்துல எல்லாம் வயசு கேக்கறாங்க. ஞாயித்துக்கெழம ஒருத்தன் பல்லப் புடிச்சிப் பாக்கச் சொன்னானாம், சந்தைல மாட்டப் பாக்கற மாதிரி. அன்னில இருந்து இவ வாயத் தொறந்து சிரிக்கறதே இல்ல."

பதினாலு. ஹரிதாவைவிட ஒரு வயதுக்கு மேல் சின்னவள்.

"யாரும்மா அவன்?" என்று கேட்டேன். இந்த வாயால்தான் கேட்டேன்.

அந்தப் பெண் மடியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இவருதாம்மா."

அந்த அம்மாள் எழுந்தாள். ஈரம் காயாத என் கட்டின் மேல் முழு பலத்தோடு குத்தினாள். கண்ணில் மின்னல் ஓடியது. கட்டுக்காரர் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டினார். இந்தத் தடவை கத்தவில்லை. கத்த எனக்கு என்ன யோக்யதை?

நவம்பர் 20, வியாழன்

கோபிகிருஷ்ணன் சார் வீட்டுக்கு வந்தார். சித்தூரில் கமிட்டி கூடி, நம்ம பள்ளிக்கு ரெண்டு வருஷம் தடை போட்டுவிட்டது. "இருக்கறதே நூத்திச் சொச்சம் பிள்ளைங்க. ஆட்டமும் இல்லனா இந்தப் பொண்ணுங்க ஸ்கூலுக்கே வராது தாமோதரா." ஒரே வழிதான் இருக்கிறதாம். அடித்தவன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, எதிர்ப்பள்ளி சம்மதித்தால், தடையை எடுத்துவிட்டு ஆட்டத்தை முதலிலிருந்து வைப்பார்கள். புருஷோத்தமன் போலீசுக்குப் போகாததே பெரிசு. அவர் சம்மதிப்பாரா?

ஹரிதா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். சார் போனதும் வெளியே வந்தாள். அம்மிக் குழவியைத் தூக்கி என் பைக்கின் ஹெட்லைட்டில் போட்டாள். பெட்ரோல் டேங்கில் போட்டாள். மறுபடி தூக்கினாள். சிவசங்கரி பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். அவளையும் உதறித் தள்ளினாள்.

"எனக்காகவா அடிச்ச? நான் கேட்டனா? ஜெயிச்சிக்கினு இருந்தோம் நைனா. முன்னால இருந்தோம்."

சிவசங்கரி முட்டியில் சிராய்ப்பு. ஹரிதா குழவியை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில், அடுத்தது என் தலைதான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

நியாயத்துக்காக அடித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நியாயமா? அந்தப் பெண் தூக்கிய வேகத்தைப் பார்த்ததும், அடுத்த ரெய்டு ஹரிதாவுடையது என்பதுதான் என் மண்டையில் ஓடியது. பயம். பயந்தவன் அடி பலமாகத்தான் விழும் போல.

நவம்பர் 22, சனி

ரங்கன் வந்தான். என்னோடு பஸ் ஓட்டுகிறவன், தரணிக்குத் தாய்மாமன். மினி லாரி நிறைய ஆட்கள். தார்ப்பாய்க்கு அடியில் இரும்புக் கம்பிகள்.

"மன்னிப்புக் கேக்கப் போறியாமே? என் அக்கா பொண்ணு கழுத்தெலும்புக்கு எவன் மன்னிப்புக் கேப்பான்? நீ ஏறு. நான் கேக்கற விதமா கேக்கறேன்."

"ரங்கா, அது பதினாலு வயசுப் பொண்ணு."

"பொண்ண யாருடா தொடப் போறது? அந்த கோச்சுக்கு மிச்சம் பல்லு இருக்குது இல்ல?"

வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. லாரிச் சாவியைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டேன். வீரன் செய்கிற வேலை இல்லைதான். ஒரு கையில் கட்டு, இன்னொரு கையைத் திருகினால் பிடுங்கிவிடுவான். வாய்தான் மிச்சம். "துப்புடா" என்று கன்னத்தில் குத்தினான். துப்பவில்லை. மறுபடி குத்தினான். சாவிப்பல் உள்கன்னத்தைக் கிழித்து, ரத்தம் தாடையில் வழிந்தது. முட்டியால் வயிற்றில் இடித்தான். விழுந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு நேரம் நான் வாய் மூடி இருந்ததில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து தரணி வந்தாள், தோளில் கட்டும் தூளியுமாக.

"மாமா, புடி சரியான புடி. நான்தான் தோள மடிக்காம வுழுந்தேன். சாரு எத்தினி தபா சொல்லிக் குடுத்தாரு."

ரங்கன் அவளைப் பார்த்தான், கம்பிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். உட்கார்ந்து ஓவென்று அழுதான். சாவியைக் கழுவித்தான் கொடுத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

பங்காருபாளையம் போய்விட்டு வந்தேன். தனியாக, பஸ்ஸில். ஒரு கன்னம் வீங்கி, ஒரு கை கட்டோடு. கண்டக்டர் "ஆக்சிடென்டா அண்ணா?" என்றான். ஆமாம் என்றேன்.

புருஷோத்தமன் மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். தாடை நீலமாக இருந்தது. வாயைக் கொஞ்சம்தான் திறந்து பேசுகிறார். நான் ஆரம்பித்ததுமே கையை நீட்டி நிறுத்தினார். "என்னக் கேக்காத. அதக் கேளு." எட்டாம் நம்பரைக் கூப்பிட்டார். பெயர் லிகிதா.

ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணின் முன்னால் நின்றேன். தப்பு என்று சொன்னேன். பல்லைப் பற்றிச் சொன்னது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு என்று சொன்னேன். அவள் காலால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தாள்.

"ஆடறோம் சார்" என்றாள், கோச்சைப் பார்த்து. "சும்மா ஜெயிச்சது நல்லா இல்ல. அந்த ஹரிதா அக்காவ நான் இன்னும் ஒரு தபாகூட புடிக்கல. ஆனா இவரு வரக் கூடாது. கேட்டுக்குள்ளயே வரக் கூடாது."

"கேட்டுதா?" என்றார் புருஷோத்தமன்.

கேட்டது என்று தலையை ஆட்டினேன். ஆட்டி முடிப்பதற்குள் பளாரென்று ஒன்று விட்டார். வீங்கின கன்னத்திலேயே. "அது ஆட்டத்துக்கு. இது என் பல்லுக்கு." தடுமாறி வாட்டர் கேன் மேல் உட்கார்ந்துவிட்டேன். கேன் வெடித்து, இடுப்புவரை நனைந்தேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். லிகிதாவும் சிரித்தாள், வாயைத் திறந்து.

நவம்பர் 30, ஞாயிறு

சித்தூர். ஆட்டம் உள்ளே, நான் மதில் சுவருக்கு வெளியே. மதில் என் உயரம்தான். ஏறிக் குதிக்க ஒரு நிமிஷம் ஆகாது. பிள்ளைகள் பாடுகிற கபடி கபடி மட்டும் கேட்டது. ஹரிதா மூச்சு எனக்குத் தெரியும், கடைசியில் கொஞ்சம் கீச்சிடும். அது ஏறும், நிற்கும், கைதட்டல் வரும். சில சமயம் கைதட்டல் வராது.

ரெண்டாம் பாதியில் ஒரு சத்தம். உடம்பும் மண்ணும் மோதுகிற சத்தம். பின்னாலேயே ஒரு அலறல், "அம்மா" என்று. அவள் குரல்தான். மைதானம் முழுக்க ஹோவென்றது. என் கால் தானாக மதிலின் காரை பெயர்ந்த இடத்தில் ஏறிவிட்டது. இறக்கினேன். மறுபடி ஏறியது. கட்டுப் போட்ட கையைச் சுவரில் ஓங்கி அடித்தேன். என்னை நிறுத்த வேறு வழி தெரியவில்லை. வலியில் கீழே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே விசில் ஊதினார்கள். ஆட்டம் தொடர்ந்தது. அவள் மூச்சு கேட்கவில்லை. கேட்கவில்லை. அப்புறம் கேட்டது.

எல்லோரும் போன பிறகு வந்தாள். புருவம் பிளந்து பஞ்சு வைத்திருந்தது. பஞ்சு சிவந்து ஊறி, காய்ந்த ரத்தம் காது வரை இருந்தது.

"சத்தம் கேட்டுதா?" என்றாள்.

"கேட்டுது."

"நான்தான் அது."

"தெரியும்."

"நீ வரல."

"வரல."

புருவத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டாள். "ஒரு பாயிண்ட்ல போச்சு. கடைசி ரெய்டுல லிகிதா கணுக்காலப் புடிச்சிட்டா. சுத்தமான புடி. நான் கோட்டத் தொட இவ்ளோதான் இருந்திச்சி." விரலால் அளவு காட்டினாள்.

திருப்பதியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அவளுடைய பையைக் கேட்டேன்.

கொடுத்தாள்.