பாப்பாவுக்கு யார் கை வேண்டும்

அண்ணா,

காலையில் சட்டையை உதறினால் பையிலிருந்து எறும்பு கொட்டுகிறது. பை முழுக்க வெல்லம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். வெல்லத்தோடு குளத்துப் பாசியின் வாசனையும் வந்தது. உடனே உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

உனக்கு எழுத்து தெரியாது. எனக்கும் போன வருஷம் வரை தெரியாது. இப்போது பஞ்சாயத்துப் பள்ளியில் சாயங்காலம் பெரியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை நானே படித்துவிட்டு ஏறுகிறேன், அண்ணா. யாரையும் கேட்பதில்லை. எழுதுவதுதான் மெதுவாக வருகிறது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. நீயும் அவசரப்படாத ஆள்தானே. ஊத்துக்கோட்டைச் சூளையில் மேஸ்திரி எவ்வளவு கத்தினாலும் சூடு தணியாமல் நீ செங்கல்லில் கை வைக்க மாட்டாய். "இரு, ஆறட்டும்" என்பாய். சோற்றுக்கும் அதையே சொல்வாய். எனக்கும் அப்பாவுக்கும் சண்டை வந்தாலும் அதையேதான் சொல்வாய். உன் வாயில் வந்த பேச்சே அது ஒன்றுதான்.

நேற்று அமாவாசை. என் மகள், அவள் குழந்தை, நான் மூவரும் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் போனோம். மருமகனுக்குக் கம்பெனியில் பகல் ஷிப்ட். பாப்பாவுக்கு நாலு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. முதலில் டாக்டர், பிறகு கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது என்று மகள் முடிவு செய்திருந்தாள். தண்ணீரில் வெல்லம் கரைவதுபோல நோயும் கரைந்துபோகும் என்று நம் அம்மா உன்னையும் அங்கே கூட்டிப்போனாள் அல்லவா? நீ வெல்லத்தைத் தின்றுவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாய்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. நிறையக் கேள்வி கேட்டார். ஏதாவது வேண்டுமென்றால் குழந்தை விரலை நீட்டிக் காட்டுமா என்றார். மகள் பெருமையாகச் சொன்னாள், "அதெல்லாம் இல்ல மேடம். என் கையப் புடிச்சி இட்டுக்கினு போயி அது மேலயே வெப்பா. அவ்ளோ பாசம்." டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார். கடைசியில் இது ஆட்டிசம் என்றார். நோய் இல்லை, மூளை வேறு விதமாக வேலை செய்கிறது, பயிற்சி கொடுத்தால் நிறைய முன்னேறும் என்றார். கையைப் பிடித்துக்கொண்டு போவதும் அதன் அடையாளங்களில் ஒன்றாம். நம் கையைச் சில குழந்தைகள் ஒரு கருவிபோலப் பயன்படுத்துமாம்.

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீ என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர்க் குடத்தின் மேல் வைப்பாய். கதவுத் தாழ்ப்பாளின் மேல் வைப்பாய். நான் தண்ணீர் மொண்டு கொடுப்பேன், கதவைத் திறந்துவிடுவேன். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊரில் உன்னை ஊமையன் என்றார்கள். நான் அண்ணன் என்றேன். அவ்வளவுதான்.

குளத்துப் படியில் நல்ல கூட்டம். அவரவர் வெல்லத்தை அவரவர் கையால் கரைக்க வேண்டும் என்பது வழக்கம். மகள் பாப்பாவின் கையில் வெல்லத்தை வைத்தாள். பாப்பா அதை என் உள்ளங்கையில் வைத்து, என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தண்ணீரைப் பார்த்துச் சிரித்தாள். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பதறிப்போய்க் கையை வெளியே எடுத்து, பாதி கரைந்த வெல்லத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். வெல்லம் விற்ற அம்மா, "இன்னா பெருசு, கொளத்துல கரைக்கச் சொன்னா ஊட்டுக்கு எடுத்துக்கினு போற? சாமிக்கே அல்வாவா?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. மகளை உட்கார வைத்து உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ தவறிப்போனபோது அவள் சின்னப் பெண், அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பெரியப்பாவுக்கு நீ வேணுமா நைனா, உன் கை மட்டும் வேணுமா?"

இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை, அண்ணா. "தெரியலம்மா. ஆனா வேற யாரு கையையும் அவரு புடிச்சதில்ல" என்றேன். அது அவளுக்குப் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள், மடியில் பாப்பா. கண்ணாடி மூடியிருந்தது. பாப்பா அதைப் பார்த்து முனகினாள். அவர் புரிந்துகொண்டு, "தொறக்கணுமா கண்ணு?" என்று கையைக் கொண்டுபோனார். பாப்பா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். பின்னால் துழாவித் தன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கண்ணாடியின் மேல் வைத்தாள். மகள் கண்ணாடியைத் தூக்கினாள். காற்று வந்தது. பிறகும் மகள் தன் கையை எடுக்கவில்லை. பெரியபாளையம் தாண்டும்வரை அது அங்கேயே இருந்தது.

டாக்டரம்மா சொன்னது தப்பு என்று சொல்லமாட்டேன். அடுத்த வாரம் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார், போவோம். ஆனால் ஒரே பிடிதான், அதற்கு அவர் ஒன்று சொல்கிறார், என் மணிக்கட்டு வேறொன்று சொல்கிறது. இரண்டும் சரியாக இருக்க முடியுமா? என் கையைப் பிடித்த நீயாவது சொல்லியிருக்கலாம். நீயும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னோடு நடந்த பழக்கத்தில் இன்றைக்கும் தெருவில் நடந்தால் என் இடது கை உடம்பை விட்டுக் கொஞ்சம் தள்ளியேதான் வருகிறது, யாராவது பிடிப்பதற்கு வசதியாக.