ஒரே கலர் புடவை

புதுச்சத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

மலர்விழி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் மானத்தைத் தவிர. சத்தீஸ்கர் வெயிலில் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் வண்டியோடு நிற்கும் உங்களுக்குப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுதுவிடுவேன், எழுதினால் கொஞ்சம் சிரிக்கவும் முடிகிறது.

எங்கள் உணவுத் தொழில்நுட்பப் படிப்புக்குத் தர அங்கீகாரம் கிடைத்துவிட்டது. துறைத் தலைவர், அதாவது எச்.ஓ.டி., என்ற பெயரில் நான் நாயாய் அலைந்தது உங்களுக்குத் தெரியும். கட்டிய புருஷன் நீங்கள் லீவில் வந்தபோதுகூட சோற்றைப் போட்டுவிட்டு ஃபைல் கோத்துக்கொண்டிருந்தேன்.

அங்கீகாரத்துக்காக ஆய்வுக் குழு வரும் நாளுக்கு எல்லாக் கல்லூரியையும் போல நாங்களும் ஒரே மாதிரிப் புடவை எடுத்தோம். எச்.ஓ.டி.க்கு மட்டும் வேறு கலர் எடுப்பது வழக்கம். நமக்குள் என்ன பெரியவள் சின்னவள் என்று பெருந்தன்மை பேசி, புடவைக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊருக்கே போய் எல்லோருக்கும் மயில் கழுத்துக் கலரையே எடுத்த மேதை நான்தான்.

முதலில் ஆய்வகம் போக வேண்டிய குழு திடீரென்று என் அறைக்குள் நுழைந்தது. நான் புரொஜக்டர் பிளக்கைத் தேடி மேசைக்கடியில் கிடந்தேன். பக்கத்து மேசை ரஞ்சிதா, தினமும் என் டிபனில் பாதியைத் தின்னும் சிநேகிதி, எழுந்து வணக்கம் சொன்னாள். குழுத் தலைவர் அவளையே எச்.ஓ.டி. என்று நினைத்துக்கொண்டார். அவள் மறுக்கவில்லை. தலையில் ஒட்டடையோடு நான் வெளிப்பட்டதும், இவர் லேப் அசிஸ்டென்டா என்று கேட்டார். ஆமாம் என்றாள், மாமா!

பிரின்சிபால் என் காதோரம், "மேடம், இன்னைக்கு ஒரு நா இப்பிடியே உட்ருங்க. திருத்தப் போனா கோளாறாயிருமுங்க" என்றார். விட்டேன். நான் சொல்லிக்கொடுத்த பதில்களை அவள் ஒப்பித்தாள். நான் காபி கொடுத்தேன். காபி பிரமாதம் என்றார்கள்.

குழு அவளைப் புகழ்ந்துவிட்டுப் போனதால், தாளாளர் இப்போது அவளையே எச்.ஓ.டி. ஆக்கிவிட்டார். போய்க் கேட்டதற்கு, "அவிய மனசுல அந்தப் புள்ளதானுங்களே, சாமி, பதிஞ்சிருக்குது" என்கிறார். ரஞ்சிதாவோ, "ஏனுங்கக்கா, நானா கேட்டேன்? அவியளாத்தான நெனச்சுக்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே என் டப்பாவிலிருந்து ஒரு இட்லியை எடுத்தாள். நானும் சட்னியை நகர்த்தி வைத்தேன். கை பழகிவிட்டதே!

மாதக் கடைசி வெள்ளியன்று அவளுக்குப் பாராட்டு விழா. நான் சிரிக்கச் சிரிக்கப் பேசுவேனாம், வாழ்த்துரையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பேசுவேன். கூட்டமும் சிரிக்கும்.

வேலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அன்று மட்டும் வர முடியுமா? யாரிடமும் சண்டை வேண்டாம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும். சிரிக்காமல் ஒரு ஆள் இருக்க வேண்டும், மாமா.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
மலர்விழி