நிக்கோவில் தொங்கும் பலகை

12 ஏப்ரல், ஞாயிறு. ஸ்டுட்கார்ட்.

ஜப்பானிலிருந்து வந்து இரண்டு நாளாகியும் நிக்கோ மனதை விட்டுப் போகவில்லை. மலைக்காட்டுக்குள் நானூறு வருடப் பழைய கோவில்கள். பொன்வாசல் முழுக்கப் பூவும் பறவையும் மிருகமுமாகச் செதுக்கியிருந்தார்கள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, என் கணவர் வேண்டுதல் எழுதும் சின்ன மரப்பலகை ஒன்றை வாங்கினார். தன் அண்ணன் போரில் காணாமற்போன பிறகு எந்தக் கோவிலுக்குள்ளும் போகாத மனிதர். இங்கே ஸ்டுட்கார்ட் கோவிலில் திருவிழாவென்றாலும் காருக்குள்தான் இருப்பார். மகளின் பரீட்சைக்காக எழுதுகிறார் என்று நினைத்தேன். அவர் தொங்கவிட்டுப் போனபின் வாசித்தேன். "அண்ணை, எங்கையெண்டாலும் சுகமா இருங்கோ" என்று இருந்தது.

இன்று பெட்டியிலிருந்து உடுப்புகளை எடுக்கும்போது கேட்டேன்.

"இஞ்ச ஒரு அர்ச்சனைகூடச் செய்யாமல், அங்க போய் ஏனப்பா எழுதினனீங்கள்?"

மடித்த சட்டையையே மறுபடி மடித்தார்.

"இஞ்ச எண்டால் அர்ச்சனையோ ஆத்மசாந்தியோ எண்டு ஐயர் கேப்பார். என்னட்டைப் பதில் இல்லை. அங்க ஒருத்தரும் கேக்கேல்லை."

அந்தப் பலகைகளைப் பிறகு எடுத்து எரித்துவிடுவார்கள் என்று அங்கே வழிகாட்டிப் பெண் என்னிடம் சொல்லியிருந்தாள். அதை இவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை.